மடங்கா, கழித்தலா?

சிகரெட்டால் எவ்வளவு நோய் வருகிறது? மடங்கு பார்க்கலாம், இல்லையென்றால் கழித்துப் பார்க்கலாம். பிரிட்டன் ஆண் மருத்துவர்களிடம் 1951-ல் தொடங்கிய ஆய்விலிருந்து ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் ரிச்சர்ட் பீட்டோவும் 1976-ல் வெளியிட்ட எண்கள் இவை. நுரையீரல் புற்றுநோய்ச் சாவு, ஆண்டுக்கு லட்சத்துக்கு: புகைக்காதவர்களில் 10, புகைப்பவர்களில் 140. பதினான்கு மடங்கு! இதயநோயிலோ 413, 669. வெறும் 1.6 மடங்குதான்.

இப்போது கழித்துப் பாருங்கள். புற்றுநோயில் 130 கூடுதல் சாவு, இதயநோயில் 256. இதயநோய் எல்லோருக்குமே அதிகம் வருவதால் சின்ன மடங்கே இத்தனை பேரைக் கொண்டுபோகிறது. அந்த 256 என் மனதை விட்டு அகலவே இல்லை.

காரணம் சிகரெட்தானா என்று தேட மடங்கு உதவும். சிகரெட்டை விட்டால் எத்தனை உயிர் பிழைக்கும் என்று அறியக் கழித்தல்தான். ஊர் முழுக்கக் கணக்கிட, எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்பதும் வேண்டும். நோய்ப்பரவல் ஆய்வாளர் லெவினின் 1953 சூத்திரம் அதைச் சேர்த்துக்கொள்கிறது.