கமாண்ட் லைன் டூல்ஸ் மாறியதும் ஜிசிசி டெஸ்ட்கள் விழுவது: நீண்டகாலப் பாவனையில் தெரிந்தவை

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் மெக்புக்கில் ஜிசிசி கம்பைலரை (எழுதிய கோடை இயங்கும் நிரலாக்கும் மென்பொருள்) மூலத்திலிருந்தே கட்டிப் பாவிப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ஜிசிசி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் சூட், நேற்றுவரை சுத்தமாக ஓடியது; அதில் இன்று கொத்துக் கொத்தாக 'ஃபெயில்'. கம்பைலரில் ஒரு வரியும் மாறவில்லை. மாறியது, சிஸ்டம் அப்டேட்டோடு சேர்ந்து இறங்கிய எக்ஸ்கோட் கமாண்ட் லைன் டூல்ஸ், அதாவது ஆப்பிளின் நிரலாக்கக் கருவித்தொகுப்பு.

மேக்கில் ஜிசிசிக்குச் சொந்த லிங்கர் (கம்பைல் செய்த துண்டுகளை ஒரே நிரலாக இணைப்பது) கிடையாது, ஆப்பிளுடையதைத்தான் கூப்பிடும். சிஸ்டம் ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஹெடர் கோப்புகளும் டூல்ஸோடு வரும் எஸ்டிகே தொகுப்பில் இருந்தே வருகின்றன. அந்த இரண்டில் எது மாறியது என்று பார்க்காமல் ஜிசிசியைத் திரும்பக் கட்டுவது மணித்தியாலக் கணக்கில் மின்சாரச் செலவுதான்.

அதிகம் அலைக்கழித்தது 2023இல் வந்த எக்ஸ்கோட் 15. லிங்கரையே புதிதாக எழுதிவிட்டார்கள். ஜிசிசி லிங்கருக்குக் கொடுக்கும் கட்டளையில் ஜிசிசியின் லைப்ரரியைச் சேர்க்கச் சொல்லும் 'எல்ஜிசிசி' இரண்டு தரம் வரும். பழைய லிங்கர் அதைக் கண்டுகொள்ளாது. புதியது 'இக்னோரிங் டூப்ளிகேட் லைப்ரரீஸ்' என்று ஒரு வோர்னிங் போடும். ஜிசிசி டெஸ்ட்களோ எதிர்பாராத ஒரு வரி வந்தாலே 'எக்ஸஸ் எரர்ஸ்' என்று தோற்கடித்துவிடும். எண்ணிக்கையைப் பார்த்தால் நெஞ்சு பதறும், ஆனால் ஜிசிசி உருவாக்கும் கோடில் பிழையே இருக்காது. ஆகவே சுருக்கக் கோப்பை விட்டு லொக் கோப்பைத் திறந்து, விழுந்த டெஸ்ட்கள் எல்லாவற்றிலும் ஒரே வரிதானா என்று பாருங்கள். ஆம் என்றால் லிங்கருக்கு 'நோ_வோர்ன்_டூப்ளிகேட்_லைப்ரரீஸ்' கொடியை (ஃபிளாக்) கொடுத்தாலே அடங்கும்.

எக்ஸ்கோட் 15.0இல் இன்னொன்றும் இருந்தது: ஜிசிசியும் அதன் ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரானும் தந்த ஒப்ஜெக்ட் கோப்புகளில் (இணைக்கப்படாத கம்பைல் துண்டுகள்) லிங்கரே 'அசெர்ஷன் ஃபெயில்ட்', 'ஃபைண்ட்ஆட்டம்' என்று செத்து விழும். இது வோர்னிங் இல்லை, நிஜமான உடைவு. 'எல்டி_கிளாசிக்' கொடியால் பழைய லிங்கரைக் கூப்பிட்டால் ஓடும். ஆனால் அதைப் பிறகு நீக்கிவிடுவோம் என்று ஆப்பிளே எழுதியிருக்கிறது. நிரந்தரமாக மேக்ஃபைலில் (கட்டும் கட்டளைகள் இருக்கும் கோப்பு) போட்டுவைக்க வேண்டாம்.

ஹெடர் பக்கத்து வலி வேறு. ஜிசிசி கட்டப்படும்போது சில ஹெடர்களைத் திருத்தி 'இன்க்ளூட்-ஃபிக்ஸ்ட்' அடைவில் நகல் வைத்துக்கொள்ளும். எஸ்டிகே மாறினாலும் நகல் பழையதாகவே கிடக்கும். 'எஸ்டிடிஐஓ' ஹெடரைச் சேர்க்கும் இடத்திலேயே எரர் வந்தால், எரர் காட்டும் கோப்புப் பாதையில் அந்த அடைவின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 'எம்கேஹெடர்ஸ்' ஸ்கிரிப்டை ஓட்டினால் போதும், முழுக்கக் கட்டத் தேவையில்லை.

டூல்ஸ் அடைவில் முந்தைய எஸ்டிகேயும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கும். எந்த எஸ்டிகேயை எடுப்பது என்று சொல்லும் 'எஸ்டிகேரூட்' சூழல் மாறியை அதற்குத் திருப்பினால் ஹெடர் பழையதாகும், லிங்கர் ஆகாது. குற்றவாளி இரண்டில் எது என்று பிரித்தறிய இதைவிட மலிவான சோதனை இல்லை.

அப்டேட்டுக்கு முன்னர் 'பிகேஜியூடில்' கட்டளை காட்டும் டூல்ஸ் பதிப்பெண்ணைக் குறித்து, டெஸ்ட் சுருக்கக் கோப்பையும் எடுத்துவையுங்கள். பின்னர் ஜிசிசி மூலத்தோடு வரும் 'கம்பேர்_டெஸ்ட்ஸ்' ஸ்கிரிப்ட், எது புதிதாக விழுந்தது என்று சொல்லும். பழைய பதிப்புக்குத் திரும்புவதென்றால் டூல்ஸ் அடைவை அழித்துவிட்டு, ஆப்பிள் டெவலப்பர் தளத்தின் பழைய டிஎம்ஜியை (மேக் இன்ஸ்டோலர் கோப்பு) போடலாம். இலவசக் கணக்கே போதும். முழு எக்ஸ்கோட் தேவையில்லை, அது டேட்டா பெக்கேஜை விழுங்கிவிடும். ஒழுங்காக ஓடிய டிஎம்ஜி ஒன்றை வெளி ட்ரைவில் போட்டுவையுங்கள்.