கஃப் உள்ள ரியூபா, இல்லாததா? பிள்ளைகளின் ஐசியூவிலிருந்து

முதலே சொல்லிவிடுகிறேன், நான் கஃப் உள்ள ரியூபின் ஆள். ரியூப் என்பது மிஷினால் மூச்சுக் கொடுக்கப் பிள்ளையின் மூச்சுக்குழாய்க்குள் இறக்கும் குழாய், கஃப் என்பது பக்கத்தால் காற்றுக் கசியாமல் அதன் நுனியைச் சுற்றி ஊதும் பலூன். யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளின் ஐசியூவில் தாதியாக இருக்கிறேன். நாங்கள் படித்தபோது எட்டு வயதுக்குக் கீழே கஃப் வேண்டாம் என்றுதான் சொல்லித் தந்தார்கள். பிள்ளையின் மூச்சுவழி குரல்நாணுக்குக் கீழே புனல்போல் ஒடுங்குகிறது, அந்த வளையமே ரியூபைப் பிடித்துக்கொள்ளும், பலூன் எதற்கு என்பது விளக்கம். பிறகு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் அந்த இடம் வட்டமே இல்லை, நீள்வட்டம். வட்டமான ரியூப் இரண்டு பக்கமும் நெரித்துக்கொண்டே முன்னாலும் பின்னாலும் காற்றை விடும்.

கஃப் இல்லாததற்கும் நியாயம் உண்டு. விலை குறைவு, பார்க்க வேண்டிய வேலையும் குறைவு. வயதை நாலால் பிரித்து 4 கூட்டினால் அதன் அளவு, மில்லிமீற்றரில். கஃப் உள்ளதற்கு 3.5 தான் கூட்டுவது. அந்த அரை மில்லிமீற்றர் சின்னப் பிள்ளையில் பெரிய விஷயம், ஒடுங்கிய ரியூப் சளியில் கெதியாக அடைபடும்.

ஆனால் ஓரிரவு நியூமோனியாவோடு வந்த நாலு வயதுப் பிள்ளைக்கு 5 அளவு கஃப் இல்லாத ரியூப் போட்டிருந்தார்கள். ஒரு மூச்சுக்கு மிஷின் 120 மில்லிலீற்றர் காற்றுக் கொடுக்கிறது, திரும்பி வருவது 70. வாயோரம் நுரை பொங்குகிறது, அலாரம் நிற்கவில்லை. "மிஸி, ஏன் இது கத்திக்கொண்டே இருக்குது?" என்று தாய் கேட்கிறா. "காத்து வெளியில போகுது அம்மா, டொக்டர் வாறார்" என்றேன். 5.5 இறங்கவில்லை. கடைசியில் 4.5 கஃப் உள்ளது போட்ட பிறகுதான் அலாரம் அடங்கியது. நுரையீரல் இறுகிக் கிடக்கிற பிள்ளைக்கு நடுச்சாமத்தில் ரியூப் மாற்றுவதை ஒருமுறை பார்த்தவர்கள் விலையைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள். பாம்பு கடித்துத் தசை சோர்ந்து வருகிற பிள்ளை என்றால் நுரையீரல் நல்லாக இருக்கும், கொஞ்சம் காற்றுப் போனாலும் சமாளிக்கலாம்.

2009இல் வந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், ஐந்து வயது வரையான 2246 பிள்ளைகளில், கஃப் இல்லாதவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு ரியூப் மாற்ற வேண்டி வந்தது, கஃப் உள்ளவர்களில் 2 பேருக்குத்தான். ரியூப் எடுத்த பிறகு தொண்டை இரைவது இரண்டு பக்கமும் 4, 5 வீதம்தான். ஆனால் அவர்கள் சத்திரசிகிச்சைக்கு வந்த பிள்ளைகள், நாட்கணக்கில் ரியூபோடு கிடக்கிறவர்கள் அல்ல.

நாட்கணக்கு என்று வந்தால் எல்லாம் கஃபின் அழுத்தத்தில்தான் வந்து நிற்கும். 20 சென்ரிமீற்றர் நீரளவுக்கு மேல் போகாமல் பார்ப்போம். கூடினால் மூச்சுக்குழாய்ச் சுவருக்கு இரத்தம் போகாது, புண் வரும், ஆறும்போது ஒடுங்கும். கஃபோடு தொடுத்து வெளியே தொங்கும் குட்டிப் பலூனை விரலால் அமுக்கி "சரி, மெத்தென்று இருக்கு" என்று நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒருநாள் அழுத்தம் அளக்கும் மனோமீற்றரை மாட்டினால் 42. எனக்குக் கை நடுங்கிவிட்டது. காலையில் சரியாக இருந்தது, பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைத்தால் மாறிவிடும். மனோமீற்றரை மாட்டும்போதே கொஞ்சக் காற்று அதன் குழாய்க்குள் போய்விடும், அதனால் பார்த்து முடிந்த பிறகு கசிவு இருக்கிறதா என்று இன்னொருமுறை காது கொடுக்க வேண்டும். ஒவ்வொரு டியூட்டி மாறும்போதும் பார்த்து எழுதுகிறோம், திருப்பினாலும் பார்க்கிறோம். பொலியூரித்தேன் என்ற மெல்லிய பிளாஸ்ரிக்கில் செய்த கஃப் என்றால் குறைந்த அழுத்தத்திலேயே அடைத்துவிடும், அது கிடைக்கிற நாள் நிம்மதி.

மூன்று கிலோவுக்குக் குறைந்த சிசுக்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அங்கே இன்னும் கஃப் இல்லாததுதான் வழக்கம், நான் வாய் திறக்கவில்லை.

மனோமீற்றர் இல்லாத வாட்டு என்றால் நானே கஃப் இல்லாததைத்தான் எடுத்துக் கொடுப்பேன். எங்களிடம் மனோமீற்றர் ஒன்றே ஒன்று இருக்கிறது. யாரோ கவனமாக அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, அது ஐசியூ மேசைக் காலில் பண்டேஜ் துணியால் கட்டிக் கிடக்கிறது.