பேனல் தரவு ரிக்ரஷனில் உதவி தேடிய ஆண்டுகள்: ஸ்டாட்டாவும் ஆரும் பயன்படுத்திய அனுபவம்

கடலூர்க் கடலோரத்து மீனவக் குடும்பங்களைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வுக்காக 2017 முதல் ஸ்டாட்டா (Stata) என்ற புள்ளியியல் மென்பொருளையும், கல்வி நிறுவனத்தின் உரிமம் முடிந்த பிறகு, கட்டணமில்லாத ஆர் (R) மொழியின் பிஎல்எம் (plm) தொகுப்பையும் பயன்படுத்தி வருகிறேன். ஒரே குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த தரவில், ஒரு மாறி இன்னொன்றை எவ்வளவு மாற்றுகிறது என்று கணிப்பதுதான் பேனல் ரிக்ரஷன். அதற்கான கட்டளை இரண்டிலும் ஒரே வரிதான். அந்த ஒரு வரியைச் சரியாக எழுத எனக்கு எங்கெங்கு உதவி கிடைத்தது, அவற்றில் எது பயன்பட்டது, எது வேலையைக் கெடுத்தது என்பதையே இங்கே பதிவு செய்கிறேன். இதே வேலையைத் தொடங்கவிருக்கும் ஆய்வு மாணவர்களுக்குச் சில மாதங்களாவது மிச்சமாக வேண்டும் என்பது என் விருப்பம்.

தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனாங்குப்பம் உள்ளிட்ட ஒன்பது ஊர்களில், அதே குடும்பங்களிடம் 2014 முதல் 2019 வரை ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு என்னுடையது. முதல் மூன்று சுற்றுகள் என் நெறியாளர் எடுத்தவை, மற்ற மூன்றுக்கு நானும் களத்துக்குப் போனேன். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் 2017இல் 45 நாளிலிருந்து 61 நாளாக, அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்பு குடும்ப வருமானத்தை எப்படி மாற்றியது என்பதுதான் கேள்வி.

முதல் நாளே சிக்கல் வந்தது. இது பேனல் தரவு என்று ஸ்டாட்டாவுக்குச் சொல்லும் எக்ஸ்டிசெட் (xtset) கட்டளையில் குடும்ப எண்ணையும் ஆண்டையும் கொடுத்ததும், ஒரே குடும்பத்துக்குள் ஒரே ஆண்டு இரண்டு முறை வருகிறது என்று சொல்லி, 451 என்ற பிழை எண்ணோடு ஸ்டாட்டா நின்றுவிட்டது. அப்போது நான் சேர்ந்திருந்த ஒரு பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோது, இரட்டைப் பதிவுகளைக் கட்டாயமாக நீக்கும் கட்டளையைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதை இட்டதும் பிழை மறைந்தது, கெழுக்கள் (ஒவ்வொரு மாறியின் விளைவைச் சொல்லும் எண்கள்) வந்தன, நானும் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். நான்கு மாதம் கழித்து, கணினியில் இருந்த பதிவுகளைக் களப் படிவங்களோடு ஒப்பிட்டபோதுதான் சில குடும்பங்களே காணாமல் போயிருப்பது தெரிந்தது. ஒரே குடும்ப எண்ணில் இரண்டு படிவங்கள் இருந்தன. சோனாங்குப்பத்தில் அந்த வீட்டுக்கே போய்க் கேட்டேன். வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அம்மா, "அது என் மூத்தவன் வீடும்மா, போன வருசமே பாகம் பிரிஞ்சு தனியா போயிட்டான்" என்றார். கணக்கெடுத்தவர் மகனுடைய புதுக் குடித்தனத்துக்கும் பழைய எண்ணையே போட்டிருக்கிறார். தனிக்குடித்தனம் போனவர்கள் பெரும்பாலும் ஃபைபர் படகில் தனியாகத் தொழிலுக்குப் போகத் தொடங்கியிருந்த இளைஞர்கள். என் கேள்விக்கு மிகவும் வேண்டியவர்களையே நான் நீக்கியிருந்தேன். இன்று யாராவது இதே பிழையோடு என்னிடம் வந்தால், நீக்குவதற்கு முன் இரட்டைப் பதிவுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் படிவத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பிழைச் செய்தியை வாயடைக்கும் உதவியை உதவி என்று எண்ணக்கூடாது.

மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கங்களைப் பொறுத்தவரை ஸ்டாட்டாவுக்கு இணை இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. பேனல் ரிக்ரஷனைப் போடும் எக்ஸ்டிரெக் (xtreg) கட்டளையின் உதவிப் பக்கத்தைத் திறந்தால், 1968இல் 14 முதல் 24 வயதுவரை இருந்த அமெரிக்க இளம்பெண்களின் தொழில் விவரத் தரவை இறக்கி, அதே கட்டளைகளை நாமே இட்டுப் பார்க்கலாம். விளக்க நூலில் சூத்திரங்கள் இறுதிவரை இருக்கின்றன. பிஎல்எம் தொகுப்பில் அதற்கு ஈடாக இருப்பது கிரன்ஃபெல்டு தரவு: பத்து நிறுவனங்கள், 1935 முதல் 1954 வரை இருபது ஆண்டுகள், மொத்தம் 200 வரிகள். சிறியதாக இருப்பதே அதன் சிறப்பு. ஒவ்வொரு நிறுவனத்தின் சராசரியையும் கையால் கழித்து, சாதாரண ரிக்ரஷன் போட்டு, ஒவ்வொரு நிறுவனத்தின் மாறாத இயல்பை நீக்கிவிட்டுக் கணிக்கும் ஃபிக்சட் எஃபெக்ட்ஸ் முறையின் கெழு அதுவேதான் என்று பார்த்துக்கொண்ட அன்றுதான் இந்த முறை எனக்கு முழுமையாகப் பிடிபட்டது.

ஆனால் மென்பொருள் மாறும்போது எந்த உதவிப் பக்கமும் கைகொடுக்கவில்லை. அதே தரவை ஆரில் போட்டபோது கெழுக்கள் ஒத்துப்போயின; ஸ்டாட்டா காட்டிய மாறிலியோ (constant) ஆரில் இல்லவே இல்லை, கெழு எவ்வளவு நிச்சயமற்றது என்று சொல்லும் திட்டப்பிழைகளும் வெகுவாகக் குறைந்திருந்தன. தவறு எங்கே என்று இரண்டு வாரம் தேடினேன். தவறு எங்கும் இல்லை. ஸ்டாட்டா காட்டும் மாறிலி குடும்ப விளைவுகளின் சராசரி. பிஎல்எம் அதைத் தானாகக் காட்டாது, தனியாகக் கேட்க வேண்டும். ஸ்டாட்டாவில் ரோபஸ்ட் என்று கேட்டால் ஃபிக்சட் எஃபெக்ட்ஸ் மாதிரிக்கு அது, ஒரே குடும்பத்தின் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்புடையவையாக இருக்கலாம் என்று கொண்டு, குடும்பவாரியாகத் திரட்டிய திட்டப்பிழையையே தருகிறது; பிஎல்எம்மின் சுருக்க அட்டவணையோ, நாம் கேட்காதவரை, பிழைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்ற அனுமானத்தில் கணக்கிட்டதையே தருகிறது. திட்டப்பிழையை வேறு அனுமானத்தில் கணக்கிடும் விசிஓவிஎச்சி (vcovHC) சார்பில் எஸ்எஸ்எஸ் (sss) என்ற வகையைத் தேர்ந்தெடுத்த பிறகு இரண்டும் மிக நெருங்கிவந்தன. அந்த வகை ஸ்டாட்டாவின் சிறு மாதிரித் திருத்தத்தைப் பின்பற்றுவது என்று பிஎல்எம் ஆவணத்தில் ஒரே வரியில் எழுதியிருக்கிறது.

மிகப் பெரிய உதவி கணினிக்கு வெளியே கிடைத்தது. தடைநாள்களின் எண்ணிக்கையை ஒரு மாறியாகவும், ஆண்டுகளுக்கான போலி மாறிகளையும் (அந்த ஆண்டானால் 1, இல்லையானால் 0) சேர்த்துப் போட்டபோது, நேரியல் தொடர்பு (collinearity) காரணமாக நீக்கப்பட்டது என்று சொல்லி ஸ்டாட்டா தன் போக்கில் ஒன்றைக் கழற்றியது. கட்டளையில்தான் குறை என்று எண்ணி வரிசையை மாற்றி மாற்றி இட்டேன், வேறொன்று கழன்றது. புதுச்சேரியில் இருக்கும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரிடம், கடலூரிலிருந்து பேருந்தில் போய், அச்சிட்ட தாள்களைக் காட்டினேன். அவர் கணினியைத் திறக்கவே இல்லை. ஒரு தாளில் கட்டம் போட்டு, "தேவனாம்பட்டினத்துக்கு 2018இல் எத்தனை நாள் தடை? தாழங்குடாவுக்கு?" என்று கேட்டார். "இரண்டுக்கும் 61 நாள்தான் ஐயா" என்றேன். "அப்படியானால் ஆண்டு என்று சொன்னாலும் தடைநாள் என்று சொன்னாலும் இந்தத் தரவுக்கு ஒன்றுதானே, எதை வைத்து அது பிரித்துச் சொல்லும்?" என்றார். தடை விசைப்படகைக் கட்டிப்போடுகிறது, கட்டுமரத்தை அப்படிச் செய்வதில்லை. ஆகவே முதல் சுற்றில் குடும்பம் எந்தப் படகில் தொழில் செய்தது என்பதைத் தடைநாளோடு பெருக்கிய மாறியைத்தான் கேட்க வேண்டும் என்று அன்று விளங்கியது. 2015 வெள்ளமும் அப்படியே: எல்லா ஊரையும் ஒன்றுபோல் தாக்கியிருந்தால் ஆண்டு மாறி அதை ஏந்திக்கொண்டிருக்கும், ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் ஊருக்கும் தள்ளியிருக்கும் ஊருக்கும் பட்ட அடி ஒன்றல்ல என்பதால், அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

ஹவுஸ்மன் சோதனையைப் பற்றி எல்லோரும் கேட்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். குடும்ப விளைவுகள் மற்ற மாறிகளோடு தொடர்புள்ளவையாக இருக்கலாம் என்று விட்டுவைக்கும் ஃபிக்சட் எஃபெக்ட்ஸா, தொடர்பே இல்லை என்று கொள்ளும் ரேண்டம் எஃபெக்ட்ஸா என்பதை முடிவு செய்ய 1978இல் ஹவுஸ்மன் வகுத்த அந்தச் சோதனை, திரட்டிய திட்டப்பிழையோடு ஸ்டாட்டாவில் ஓடாது. அது இல்லாமல் ஓட்டியபோது எனக்குக் கை வர்க்க (chi-square) மதிப்பு, வரக்கூடாத எதிர்ம எண்ணாக வந்தது. அதே 1978இல் முண்ட்லாக் காட்டிய வழியில், மாறிகளின் குடும்பச் சராசரிகளை ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாதிரியில் சேர்த்துச் சோதிப்பதே எனக்கு ஒத்துவந்தது. வகுப்புகளிலும் இதையே முதலில் கற்றுத்தரலாம்.

உதவி கேட்கும் முறையை நான் மாற்றிக்கொண்டதால் வந்த பயனையும் சொல்ல வேண்டும். "என் ரிக்ரஷன் வேலை செய்யவில்லை" என்று எழுதிய மின்னஞ்சல்களுக்கு வந்த பதில்கள் எல்லாம் பொதுப்படையானவை. இப்போது ஸ்டாட்டாவின் டேட்டாஎக்ஸ், ஆரின் டிபுட் ஆகியவற்றைக் கொண்டு நான்கு குடும்பங்களின் வரிகளை மட்டும் எழுத்தாக எடுத்து, பெயர்களை நீக்கி, இட்ட கட்டளையையும் வந்த செய்தியையும் முழுதாக ஒட்டி அனுப்புகிறேன். பாதி நேரம், அந்த நான்கு குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே பிழை கண்ணில் பட்டுவிடுகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடமும் கேட்டிருக்கிறேன். பிழைச் செய்தியை எளிய தமிழில் விளக்குவதில் அவை நன்றாகவே உதவுகின்றன, ஆனால் இல்லாத விருப்பத்தேர்வுகளைத் தயக்கமின்றி எழுதித் தந்ததும் உண்டு என்பதால், உதவிப் பக்கத்தில் சரிபார்க்காமல் ஒரு வரியைக்கூட எடுத்துக்கொள்வதில்லை.

கடைசியாகத் தீர்ந்த சிக்கல் ஊர்களின் எண்ணிக்கை. ஒரே படகுத்துறையை நம்பியிருக்கும் குடும்பங்களின் வருமானம் சேர்ந்தே ஏறி இறங்குவதால், திட்டப்பிழையை ஊர்வாரியாகத் திரட்ட வேண்டும் என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதினார். அது நியாயமான கோரிக்கை. ஆனால் ஒன்பது ஊர்கள் அதற்கு மிகக் குறைவு. அவ்வளவு குறைவான திரள்களில் (இங்கே ஊர்களில்) வழக்கமான சோதனை இல்லாத உறுதியைக் காட்டிவிடும். திரள்கள் குறைவாக இருக்கும்போது பயன்படும், ஸ்டாட்டாவின் பூட்டெஸ்ட் (boottest) தொகுப்பு தரும் வைல்ட் பூட்ஸ்ட்ராப் முறைக்காக, நண்பர் ஒருவருடைய துறைக் கணினியில் உரிமம் இருந்த ஒரு பிற்பகலில், ஒன்பது ஊர்களையும் வைத்து அதை ஓட்டினேன். கெழு மாறவில்லை, கெழுவின் உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லையைக் காட்டும் நம்பக இடைவெளி முன்பிருந்ததைவிட அகன்று, பூச்சியத்தையும் உள்ளடக்கியது; அதாவது விளைவே இல்லாமலிருக்கலாம் என்பதை மறுக்க முடியவில்லை. ஆய்வேட்டின் நான்காம் இயலில் அந்த இடைவெளியை அப்படியே அச்சிட்டிருக்கிறேன்.