‘ரிசர்ச் ஃபேகல்ட்டி’ வேலைக்கு அசல் சான்றிதழைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

மின்காந்தவியல், ஆன்டெனா, மைக்ரோவேவ் பக்கம் பி.எச்டி. முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஏமாந்த இடம் தமிழ்நாட்டில் உள்ள ஒரு தனியார் பல்கலைக்கழகம். பெயரைப் போடவில்லை. இதே மாதிரி விளம்பரம் வேறு இடங்களிலிருந்தும் வருகிறது, அதனால் பெயரைவிட நடந்த விதம்தான் உங்களுக்கு உதவும்.

2022-ல் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். எலெக்ட்ரிக்கல் துறைக்கு ஆராய்ச்சிப் பேராசிரியர்கள் தேவை, வாரம் 6 மணி நேரம்தான் வகுப்பு, மாதம் 75,000 ரூபாய், தனி ஆய்வகம். தைவானில் ஒரு போஸ்ட்-டாக், அதாவது பி.எச்டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி, கைக்கு வந்திருந்தது. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் ஊர்ப்பக்கம் இருந்தால் நல்லது என்று அதை விட்டுவிட்டேன்.

என் ஆய்வு எக்ஸ் பேண்டில், அதாவது 8 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரை, ரேடார் அலையை உறிஞ்சும் பொருள்களைப் பற்றியது. இதற்கு இரண்டு விஷயங்கள் இல்லாமல் ஒன்றும் நகராது. ஒன்று நெட்வொர்க் அனலைசர், பொருளில் பட்ட அலை எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு கடந்துபோகிறது என்று அளக்கும் கருவி. இன்னொன்று சுவரில் பட்ட அலை திரும்பி வராத சேம்பர். நேர்காணல் அன்று இரண்டையும் காட்டினார்கள். அனலைசர் ஓடிக்கொண்டிருந்தது, திரையில் அழகாக ஒரு கோடு. சேம்பரின் கதவைத் திறந்து, சுவர் முழுக்க நீலக் கூம்புகள் இருப்பதை வாசலில் நின்றே பார்க்கச் சொன்னார்கள். உள்ளே போகக் கேட்டேன். “ஷூவோட போகக் கூடாது மேடம், சேர்ந்த பிறகு உங்க ரூம்தானே” என்றார் டீன். அந்த இடத்தில் நான் ஷூவைக் கழற்றியிருக்க வேண்டும்.

சேர்ந்த அன்று பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பி.எச்டி. பட்டம் வரை அத்தனை அசலையும் சரிபார்க்க என்று வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் பணி ஆணை கைக்கு வந்தது. அதில் 40,000 நிரந்தரத் தொகை. மீதி 35,000 ஊக்கத்தொகை, ஆராய்ச்சி நிதி கொண்டுவந்தால் மட்டும். பதவி ஓராண்டு ஒப்பந்தம், இடையில் விலகினால் மூன்று மாதச் சம்பளம் கட்ட வேண்டும். கேட்டபோது, “எல்லோருக்கும் அதே ஃபார்மட்தான், ரெண்டு மாசத்துல பெர்மனன்ட் ஆக்கிடுவோம்” என்றார்கள்.

இங்கேதான் கண்ணி. அப்போது இளம் ஆய்வாளர்களுக்கு இருந்த பெரிய வழி, ஆராய்ச்சிக்கு நிதி தரும் மத்திய அரசின் செர்ப் (SERB) அமைப்பு கொடுத்த ஸ்டார்ட்-அப் ரிசர்ச் கிராண்ட், இரண்டு வருடத்துக்கு 30 லட்சம் வரை. (செர்ப்பின் வேலையை இப்போது ஏ.என்.ஆர்.எஃப். (ANRF) என்ற அமைப்பு பார்க்கிறது.) அதற்கு நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும், விண்ணப்பத்தோடு நிறுவனத் தலைவரின் ஒப்புதல் கடிதமும் வேண்டும். ஓராண்டு ஒப்பந்தக்காரருக்கு அந்தக் கதவு திறக்காது. புராஜெக்ட் வாங்கினால்தான் பாதிச் சம்பளம் என்று எழுதிக் கொடுத்தவர்கள், புராஜெக்ட் கேட்கவே முடியாத பதவியில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். முழு மனதோடு ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிய விண்ணப்பம் கையெழுத்துக்குப் போய் அப்படியே நின்றது.

அப்புறம் ஆய்வகம். நெட்வொர்க் அனலைசர் ஒரு விற்பனைக் கம்பெனியின் டெமோ பீஸ். பல்கலைக்கழகத்தைப் பரிசோதிக்க வரும் குழு வந்துபோகும்வரை கேட்டு வாங்கி வைத்திருந்தார்களாம். நான் சேர்ந்தபோது மேசையில் அது இருந்த இடத்தில் நான்கு கால் தடம் மட்டும் இருந்தது. சேம்பர்தான் என்னை உலுக்கிய விஷயம். அலையை உறிஞ்சும் கூம்பு என்பது கார்பன் ஊறிய பாலியூரித்தேன் நுரை. மேலே நீலப் பெயின்ட் இருக்கும், உடைத்தால் உள்ளே கறுப்பு. உள்ளே போய் ஒரு கூம்பின் முனையைக் கிள்ளினேன். உள்ளேயும் அதே வெளிர் நீலம், பஞ்சு மாதிரி லேசு. பாட்டு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் ஒட்டுகிற சத்தம் குறைக்கும் நுரை அது.

சந்தேகம் வேண்டாம் என்று இளநிலை மாணவர்களின் மைக்ரோவேவ் லேபுக்கு ஒரு பலகையைத் தூக்கிப்போனேன். அங்கே பல கல்லூரிகளில் இருக்கிற கன் டையோடு பெஞ்ச், அதாவது மைக்ரோவேவ் அலையை உண்டாக்கி அளக்கும் பயிற்சி மேசை, இருந்தது. அலைவழிக் குழாயின் முனையில் அலையை வெளியே அனுப்பும் ஹார்ன் ஆன்டெனாவை மாட்டி, எதிரே ஓர் அலுமினியத் தகட்டை நிறுத்தினேன். ஸ்லாட்டட் லைனில், அதாவது நீளவாக்கில் பிளவு விட்ட குழாய்ப் பகுதியில், அலையை அளக்கும் புரோபை நகர்த்தினால் மீட்டர் முள் மேலே ஏறி, கீழே விழுந்து, மறுபடி ஏறியது. தகட்டில் பட்ட அலை திரும்பி வருகிறது என்று அர்த்தம். நடுவில் நுரையை வைத்தேன். நல்ல உறிஞ்சியாக இருந்தால் முள் பெரிதாக அசையாமல் நிற்க வேண்டும். முன்பு எவ்வளவு ஏறி இறங்கியதோ, அதே அளவு ஏறி இறங்கியது. கூட நின்ற லேப் அசிஸ்டென்ட் அண்ணன், “மேடம், இதை வெளியில சொல்லிடாதீங்க, எனக்கு வேலை போயிடும்” என்றார். அவருக்குக் கொடுத்த வாக்குக்காகவே இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். அவர் இப்போது அங்கே இல்லை.

வாரம் 6 மணி வகுப்பு 18 மணி ஆனது. ஏப்ரல், மே மாதங்களில் பிளஸ் டூ மாணவர்களின் வீடு வீடாக அட்மிஷனுக்கு அனுப்பினார்கள். இதெல்லாம் பல இடங்களில் நடப்பதுதான், நீட்டி எழுதவில்லை. ஆனால் என்னை எதற்கு எடுத்தார்கள் என்பது இரண்டாவது செமஸ்டரில்தான் புரிந்தது. மத்திய அரசு கல்வி நிறுவனங்களுக்குப் போடும் என்.ஐ.ஆர்.எஃப். (NIRF) தரவரிசையில் ஆராய்ச்சிக்கு 100-க்கு 30. கட்டுரையில் எந்த நிறுவனத்தின் முகவரி இருக்கிறதோ, அதன் கணக்கில்தான் அந்தக் கட்டுரை சேரும். என் பி.எச்டி. வேலையிலிருந்து வெளிவரக் காத்திருந்த கட்டுரைகளில் அவர்கள் முகவரியைப் போடச் சொல்லி வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. முதல் கட்டுரையில் போட்டும் விட்டேன். அந்த அளவீடுகளில் ஒன்றுகூட அங்கே எடுத்ததில்லை. என் வழிகாட்டியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

14 மாதத்தில் ராஜினாமா கொடுத்தேன். 1,20,000 கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். அலுவலக ஜன்னலில் மூன்று முறை நின்றேன். ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ (AICTE) சொல்லியிருப்பதைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் போன பத்தாம் நாள், ஒரு பைசா வாங்காமல் கூரியரில் அனுப்பிவிட்டார்கள். அனுபவச் சான்றிதழ் மட்டும் இன்றுவரை வரவில்லை.

போன வாரம் என் ஜூனியர் ஒருவன் ஒரு விளம்பரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “அக்கா, இது நீங்க இருந்த இடம்தானே?” என்று கேட்டான். அதே வாசகங்கள், அதே நீலக் கூம்புப் படம். சரி, போய்ப் பார், ஆனால் ஜெராக்ஸ் மட்டும் எடுத்துப் போ, பணி ஆணையின் நகலை முதலில் கேள், அனலைசரை ஆன் செய்து காட்டச் சொல், யார் பெயரில் வாங்கியது என்று ஸ்டாக் ரெஜிஸ்டரில் பார், சேம்பருக்குள் போய் ஒரு கூம்பைக் கிள்ளிப் பார் என்றேன். வியாழக்கிழமை போய்வந்தான். பணி ஆணையைச் சேருகிற அன்றுதான் தருவார்களாம். சேம்பர் பூட்டியிருந்ததாம், சாவி டீனிடம் இருக்கிறது என்றார்களாம்.