ஃப்ளைட் சிம்முக்கு நிஜ சார்ட்: ஏஏஐ ஃப்ரீயா கொடுக்குறதே போதுமா, நேவிகிராஃப் வாங்கணுமா?

நம்ம ராம்நாடு பக்கம் ஃப்ளைட் சிம்னு கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற பசங்க முக்காவாசிப் பேரு ஸ்க்ரீன்ல வழி காட்டுற பிங்க் கோட்டை பிடிச்சுக்கிட்டே போய் இறங்கிடுறாங்க. நிஜ பைலட் பாக்குற அதே சார்ட்டை, அதாவது வழியும் உயரமும் போட்ட வரைபடத்தை, பக்கத்துல வச்சு ஒரு தடவை இறங்கிப் பாருங்க, அந்த ருசியே வேற. இதுக்கு எடுத்த எடுப்புல நேவிகிராஃப் மாதிரி சந்தா சர்வீஸுக்குக் காசு கட்டவும் வேணாம்.

இந்தியாவுக்கு ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டியே (ஏஏஐ) இ-ஏஐபினு விமான நிலையம், வான்வழி விவரம் அடங்கின கையேட்டை ஆன்லைன்ல ஃப்ரீயா போட்டிருக்கு. உள்ள போனா மிரண்டுராதீங்க, ஜென் (பொது), இஎன்ஆர் (வான்வழி), ஏடி (விமான நிலையம்)னு மூணு பாகம் இருக்கும், நமக்கு வேண்டியது ஏடி 2, அதுல மதுரைக்கு விஓஎம்டி, தூத்துக்குடிக்கு விஓடிகேனு நாலெழுத்து கோட் வச்சுத்தான் தேடணும், பேர வச்சு தேடிக்கிட்டு இருந்தா அங்கிட்டும் இங்கிட்டும் அலையத்தான் வேணும். உச்சிப்புளி ஐஎன்எஸ் பருந்து நேவி பேஸ், அத இதுல தேட வேணாம்.

நான் சொல்ற ரூட்டு பலாலி (யாழ்ப்பாணம்) டூ மதுரை, ஏடிஆர்ங்குற ப்ரொப்பல்லர் விமானத்துல. பலாலியும் மதுரையும் கிட்டத்தட்ட ஒரே நேர்க்கோட்டுல இருக்கு, நேர் மேற்க வந்தா பாக் ஜலசந்தி நடுவுல கொழும்பு எஃப்ஐஆர் (கொழும்பு கன்ட்ரோல் பாக்குற வான் எல்லை) முடிஞ்சு சென்னை எஃப்ஐஆர் ஆரம்பிக்கும், எங்க தொண்டி பக்கம் கரை ஏறி அப்படியே போனா ரன்வே 27-க்கு நேரா வந்து நிப்பீங்க, ஃபைனலே, அதாவது இறங்குறதுக்கு முன்னாடி வர்ற கடைசி நேர் ஓட்டம், திருப்புவனம் பக்கந்தான். இப்ப அப்ரோச் பிளேட்டை, அதாவது இறங்குறதுக்கான சார்ட்டை, எடுங்க. மேல பிளான் வியூ, எந்தப் பாயிண்ட்ல திரும்பணும்னு. கீழ ப்ரொஃபைல் வியூ, எவ்வளவு தூரத்துல எந்த உயரத்துல இருக்கணும்னு படிக்கட்டு மாதிரி இறங்கும். அதுக்கும் கீழ மினிமம்ஸ், ரன்வே தெரியாம இறங்கக்கூடிய கடைசி உயரம், அந்த உயரம் வரைக்கும் ரன்வே கண்ணுல படலையா, மறுபேச்சு இல்லாம கோ-அரவுண்ட், இறங்காம மேல ஏறிடணும். சிம்ல மேகத்தை நல்லா தாழ இறக்கி வச்சு இத ஓட்டிப் பாருங்க, கை வேர்க்கும். அழகர்மலையும் சிறுமலையும் வடக்க இருக்கு, மிஸ்ட் அப்ரோச், அதாவது இறங்க முடியாம மேல ஏறிப் போற வழி, எந்தப் பக்கம் திரும்பச் சொல்லுதுனு முன்னாடியே படிச்சு வச்சுக்கங்க.

குறைனு பாத்தா, ஒவ்வொரு சார்ட்டும் தனித்தனி பிடிஎஃப், சின்ன போன்ல பாத்தா எழுத்து தெரியாது. பிரிண்ட் எடுத்து வச்சுக்கங்க, ஆனா 28 நாளைக்கு ஒருக்கா ஏஐராக் சைக்கிள், அதாவது சார்ட் விவரம் புதுப்பிக்குற சுற்று, மாறும், பழச தூக்கிப் போட மறந்துராதீங்க.

நேவிகிராஃப் சந்தா கட்டி வாங்குறது, ஜெப்பசன் கம்பெனி சார்ட், உலகம் பூரா ஒரே மாதிரி டிசைன், நம்ம விமானம் சார்ட்டு மேலயே நகர்ந்து போறது தெரியும். அத விட பெரிய லாபம் சிம்முக்குள்ள இருக்குற நேவ் டேட்டாவையும் (வழிப்புள்ளி விவரம்) அதே சைக்கிளுக்கு மாத்திக்கலாம், இல்லாட்டி சார்ட்ல இருக்குற பாயிண்ட் விமானத்தோட வழிகாட்டி கம்ப்யூட்டரான எஃப்எம்எஸ்ல இருக்காது, எஃப்எம்எஸ்ல இருக்குறது சார்ட்ல இருக்காது. நடுவுல சார்ட்ஃபாக்ஸ்னு சார்ட் காட்டுற சைட் ஒண்ணு இருக்கு, ஃப்ரீதான், வாட்சிம்ங்குற ஆன்லைன் சிம் நெட்வொர்க்ல அக்கவுண்ட் வேணும்.

நம்ம மெட்ராஸ், மதுரை, திருச்சினு சுத்துறவங்களுக்கு ஏஏஐ தாராளமா போதும், இலங்கைக்கு அவங்க ஏஐபி தனி. துபாய், லண்டன்னு வாரா வாரம் வேற வேற நாட்டுக்கு ஏர்பஸ்ல போறவங்க மட்டும் நேவிகிராஃப் கட்டுங்க, அதையும் முதல்ல ஒரு மாசத்துக்கு மட்டும் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.