காரப் பவுடர் குடித்த பதினான்கு மாதங்கள்

போன வருஷம் தை தொடங்கி இந்த வருஷம் பங்குனி வரை, உடம்பின் அமிலத்தைக் குறைத்துக் காரத்தன்மையைக் கூட்டும் என்று விற்கிற தாது உப்புப் பவுடரை விடாமல் குடித்தேன். காரம் என்றதும் மாமியார் மிளகாய்த்தூள் என்றே நினைத்துவிட்டார், வயிறு என்னத்துக்கு ஆகும் என்று ஒரே சத்தம். டப்பாவின் பின்பக்கம் பார்த்தால் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை: பொட்டாசியம், மெக்னீசியம், கால்சியம் ஆகியவற்றின் சிட்ரேட் உப்புகள், கொஞ்சம் துத்தநாகம். 300 கிராம் டப்பா 1,150 ரூபாய், ஐந்து வாரம் வரும்.

முதல் மாதம் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரிதான். கூடவே வாங்கிய பிஎச் ஸ்ட்ரிப்பை (அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் தாள், எண் ஏறினால் காரம்) தினமும் காலைச் சிறுநீரில் நனைத்துப் பார்ப்பேன், 5.5-இல் இருந்தது பத்தே நாளில் 7-க்கு வந்துவிட்டது, அந்தப் பச்சை நிறத்தைப் பார்க்கிறபோது பரீட்சையில் பாஸானதுபோல ஒரு சந்தோஷம். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில்தான் நிற்கும், நுரையீரலும் சிறுநீரகமும் அதை நகரவிடாது. சிட்ரேட் உள்ளே போய் பைகார்பனேட் என்கிற காரப்பொருளாக மாறுகிறது, தேவைக்கு மேல் உள்ளதைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது, ஸ்ட்ரிப் பச்சையாகிறது. அதாவது நான் காசு கொடுத்து வாங்கியது கழிவறையில் போய்க்கொண்டிருந்ததற்குத்தான் அந்தச் சந்தோஷம்.

பலனே இல்லையா என்றால், மலச்சிக்கல் சரியானது, அது மெக்னீசியம் சிட்ரேட்டின் வேலை (ஒன்றரை ஸ்பூன் போட்ட அன்று சரியாவதற்கும் மேலேயே போய்விட்டது). ராத்திரி கெண்டைக்கால் பிடித்து இழுப்பது குறைந்தது, ஆனால் பவுடருக்காகத் தண்ணீரும் அதிகம் குடித்தேன், எதனால் என்று பிரிக்க வழியில்லை. நெஞ்செரிச்சல் அப்படியே இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்தபோதுதான் அது அடங்கியது.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. எனக்குத் தைராய்டு மாத்திரை உண்டு, காலையில் வெறும் வயிற்றில். பவுடரையும் அரைமணி நேரத்தில் குடித்துவிடுவேன், ஒரே வேலையாக முடியட்டும் என்று. ஏழு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (உடம்பில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறுகிற அளவு) 2.6-இலிருந்து 8.1-க்கு ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டப் போனவர், வேறு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டதால் தப்பித்தேன். கால்சியம் அந்த மாத்திரையைக் குடலில் சேரவிடாது, நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டுமாம். டப்பாவில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. மதியத்துக்கு மாற்றியதும் மூன்று மாதத்தில் இறங்கிவிட்டது.

இன்னொன்று, அப்பாவுக்கும் கொடுக்கலாம் என்று இருந்தேன். அவர் ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர், அது உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும், அதன்மேல் இதையும் ஊற்றினால் இதயத் துடிப்புக்கே ஆபத்து, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் மோசம். அதே பொட்டாசியம் சிட்ரேட்டைத்தான் என் தம்பிக்கு யூரிக் அமிலக் கல்லுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார், ஆனால் அங்கே அளவு உண்டு, இடையிடையே பரிசோதனை உண்டு, சிறுநீரின் பிஎச்சை ஏற்றுவதற்கு ஒரு காரணமும் உண்டு.

பன்னிரண்டாவது டப்பா பாதியோடு அலமாரியில் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை, யாருக்கும் கொடுக்கவும் மனசு வரவில்லை.