75 வயதில் கல்லீரல் புற்றுநோய்: அறுவையா, ஊசி வழிச் சூடா?

மும்பையில் தாராவி, மாட்டுங்காவிலிருந்து பரேல் டாடா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அப்பாவை அழைத்துப் போகிறவர்களின் முதல் கேள்வி: "இந்த வயசில் ஆபரேஷன் தாங்குவாரா?" வயதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். கல்லீரலின் செயல்திறன், இதயம், நுரையீரல், நடமாட்டம் இவைதான் முக்கியம். இவை நன்றாக இருந்தால் முதியவர்களும் அறுவைக்குப் பின் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள்.

கட்டியின் அளவு
அறுவை: 3 செ.மீ.க்கு மேற்பட்ட ஒற்றைக் கட்டிக்கு இதுவே வலுவான வழி.
ஊசி (கட்டிக்குள் ஊசி செலுத்திச் சூட்டால் கருக்குவது; ரேடியோ அலைச் சூடு என்றால் ஆர்.எஃப்.ஏ., நுண்ணலைச் சூடு என்றால் மைக்ரோவேவ்): கட்டி 2 செ.மீ.க்குள் என்றால் ஆயுள் ஏறத்தாழச் சமம். ஆனால் பெரிய ரத்தக்குழாயை ஒட்டிய கட்டியில், ஓடும் ரத்தம் ஆர்.எஃப்.ஏ. சூட்டைத் தணித்துவிடும், கொஞ்சம் மிச்சம் நிற்கலாம்.

தேறுவது
அறுவை: பெரும்பாலும் ஒரு வாரம் ஆஸ்பத்திரி, அப்புறம் சில வாரம் ஓய்வு. நிமோனியா, மனக்குழப்பம் வரலாம். சீக்கிரம் எழுப்பி நடக்க வையுங்கள்.
ஊசி: ஓரிரு நாள்.

நோய் திரும்புவது
இரண்டிலும் உண்டு. அறுவைக்குப் பிறகும் 5 ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வருகிறது. டாக்டர் சொன்ன தேதியில் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

என் கணிப்பு: நன்றாக நடமாடுகிறவர், பெரிய ஒற்றைக் கட்டி, கல்லீரல் திடம் என்றால் அறுவை. சிறிய கட்டி, தளர்ந்த உடல் என்றால் ஊசி. வயிற்றில் நீர், மஞ்சள் காமாலை இருந்தால் அறுவைக்கு டாக்டரை வற்புறுத்த வேண்டாம். மிச்சக் கல்லீரல் தாங்காது.